மேகம் ஏன் துள்ளுகிறது?

அன்புள்ள சார்,

டைம்லாப்ஸ் பற்றி, அதாவது இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓடும் வீடியோவாக்குவது பற்றி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போன மாதம் கொடைக்கானல் போனேன். கோக்கர்ஸ் வாக்கில் டிரைபாடை நிறுத்தி, 20 விநாடிக்கு ஒரு படம் என்று இரண்டு மணி நேரம் எடுத்தேன். மொத்தம் 360 படங்கள். கோத்துப் பார்த்தால் 15 விநாடிதான் வருகிறது. அதிலும் மேகம் நகரவில்லை, துள்ளுகிறது. வெளிச்சம் பழுதான டியூப்லைட் மாதிரி மினுக்குகிறது. போதாததற்கு என் மனைவி, "மேகம் எங்கே இப்படி ஓடுது? இது பொய்தானே" என்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

மினுக்கலை முதலில் முடித்துவிடுவோம். கேமராவை ஆட்டோவில் விட்டிருப்பீர்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைப் புதிதாக அளக்கும். அந்த அளவு இம்மி மாறினாலும் ஓடவிடும்போது கண்ணை உறுத்தும். எக்ஸ்போஷர் (படத்துக்கு விழும் வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ் எல்லாவற்றையும் மேனுவலில் வையுங்கள். அப்புறமும் லேசாக மினுக்கினால் குற்றவாளி அபர்ச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரம். அதன் இதழ்கள் ஒவ்வொரு முறையும் துல்லியமாக அதே அளவுக்கு மூடுவதில்லை. முழுக்கத் திறந்து வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

துள்ளல் வேறு கதை. பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் மூடுபனி 20 விநாடியில் எங்கோ போய்விடும். நடுவில் நடந்தது எதுவும் உங்கள் கையில் இல்லை. அதற்கு ஒன்றிரண்டு விநாடி இடைவெளி வேண்டும். மரநிழல் நகர்வதை எடுக்க உங்கள் 20 சரி.

நான் கேமராவை எடுப்பதற்கு முன் கடிகாரத்தைத்தான் எடுப்பேன். ஒரு மேகம் காட்சியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக ஐந்து நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். திரையில் அது ஐந்து விநாடியில் கடக்க வேண்டும் என்றால் விநாடிக்கு 24 படம் வீதம் 120 படங்கள். அதாவது இரண்டரை விநாடிக்கு ஒன்று. அந்த இடைவெளியில் பாதி நேரம் ஷட்டர் திறந்திருந்தால் அசைவு குழைவாக வரும். பகலில் அதற்கு என்.டி. ஃபில்டர் (லென்ஸுக்கு முன் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடி) கட்டாயம். இரவில் எடுத்தால் பனி லென்ஸில் படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொழுக்குமலையில் மூன்று மணி நேரம் நட்சத்திரம் எடுத்தேன், முதல் நாற்பது நிமிடம் தவிர மிச்சமெல்லாம் வெள்ளைத் திட்டு. டிரைபாடுக்குப் பக்கத்திலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன், யாரைக் குறை சொல்வது?

உங்கள் மனைவி கேட்டதுதான் நல்ல கேள்வி. மலையுச்சியில் தொப்பி போட்டதுபோல ஒரு மேகம் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும், பார்த்திருப்பீர்கள். டைம்லாப்ஸில் பார்த்தால் அது நிற்கவே இல்லை. காற்று ஏறும் பக்கத்தில் குளிர்ந்து மேகமாகிறது, இறங்கும் பக்கத்தில் சூடாகிக் கரைகிறது. ஒரு பக்கம் பிறந்து மறுபக்கம் செத்துக்கொண்டே இருக்கிறது. இதில் எது பொய்? அசையாமல் நிற்பதாக நம் கண் சொன்னதுதான். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். அந்தப் படங்களை வரிசையாக ஓட்டினால் சூரியப் புள்ளிகள் ஊர்வதைப் பார்க்கலாம். அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு மலையின் மேல் வேறு ஊர் வானத்தின் பால்வீதியை ஒட்டுகிறார்களே, அதைப் பொய் என்று சொன்னால் நானும் உங்கள் மனைவி கட்சி.

அந்த 360 படங்களையும் அழித்துவிடாதீர்கள். மினுக்கலைக் குறைக்க மென்பொருள்கள் இருக்கின்றன, ஓரளவு தேறும். துள்ளலுக்கு மட்டும் மறுபடி மலையேறத்தான் வேண்டும். வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், கடிகாரத்தை அவர் பார்த்துக்கொள்வார்.