பெல்ட் வாங்கினால் இடுப்பு வலி போகுமா?

கேள்வி: எனக்கு வயது 27. காட்பாடியில் ஒரு ஜிம்முக்கு மூன்று மாதமாகப் போகிறேன். தரையிலிருந்து கம்பியோடு சேர்த்து 40 கிலோ தூக்கினாலே மறுநாள் இடுப்பு வலிக்கிறது. பெல்ட்டும் புரோட்டீன் பவுடரும் வாங்கச் சொல்கிறார் பயிற்சியாளர். தனியாகக் கோச் தேவையா?

பதில்: கோச் தேவை. பெல்ட்டும் பவுடரும் இப்போது வேண்டாம். தூக்கத் தெரிந்தவர் பெரிய எடைக்குப் போகும்போது வயிற்றை இறுக்கி ஊன்றிக்கொள்ளத்தான் பெல்ட். தவறாகக் குனிபவரை அது நிமிர்த்தாது.

40 கிலோ என்றால் 20 கிலோ கம்பி, பக்கத்துக்கு ஒரு 10 கிலோ தட்டு. போட்டித் தட்டின் விட்டம் 45 செ.மீ. என்பதால் கம்பி ஏறத்தாழ முக்கால் அடி உயரத்தில் நிற்கும். ஜிம்மில் உள்ள 10 கிலோ இரும்புத் தட்டு சிறியது. கம்பி தாழ்ந்து கிடக்கிறது, அதை எட்டிப் பிடிக்க முதுகு வளைகிறது. உங்கள் வலிக்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். இருபுறமும் கட்டை வைத்துக் கம்பியை முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை உயர்த்துங்கள். காசு செலவில்லை. இதைச் சொல்லாமல் பவுடர் டப்பாவை நீட்டுபவர் கடைக்காக வேலை செய்கிறார், உங்களுக்காக இல்லை.

'என்.ஐ.எஸ்.' (பட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனம்; கோச்சுகளுக்குப் பயிற்சி தருவது) என்ற பலகையைப் பார்த்தும் மயங்கிவிடாதீர்கள். அங்கே ஓராண்டு டிப்ளமோவும் உண்டு, ஆறு வாரச் சான்றிதழும் உண்டு. பலகையில் இரண்டும் ஒரே மூன்றெழுத்துதான்! எதைப் படித்தார், எந்த விளையாட்டில் படித்தார் என்று நேராகக் கேளுங்கள். முதல் நாளில் வெறும் கம்பியைக் கொடுத்து, பக்கவாட்டில் நின்று உங்கள் முதுகைக் கவனிப்பவரிடம் சேருங்கள்.

2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்குதலில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் ஊரான சத்துவாச்சாரி உங்களுக்குப் பக்கம்தான். அங்குள்ள பழைய வீரர்களிடம் விசாரியுங்கள். அரசு விளையாட்டு விடுதிகள் மாணவர்களுக்கானவை. வேலைக்குப் போகிற 27 வயதுக்காரர் முறையாகக் கற்க எங்கே போவார் என்று யாரும் யோசிப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் பவுடர் வியாபாரம் நடக்கிறது.

ஒரு நிலையில் மட்டும் கோச்சிடம் போகாதீர்கள். வலி இடுப்போடு நிற்காமல் பின்தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா? தும்மும்போது காலில் மின்னல்போல் பாய்கிறதா? பாதம் மரத்துப்போகிறதா? ஒன்று இருந்தாலும் கம்பியைத் தொடாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கால் பலவீனமாகிறது, சிறுநீர் கழிக்கச் சிரமமாகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'தசைப்பிடிப்புதான், இரண்டு நாளில் சரியாகிவிடும்' என்று ஜிம்மில் யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.