வாலின் நுனியில் இரண்டு புகை

அன்புள்ள ஐயா,

கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த கேலக்ஸிகளில் தனித்திருப்பவை சுருள் அழகைக் காப்பாற்றிக்கொள்கின்றன, கூட்டத்தில் மாட்டியவை வடிவம் கெட்டு உருண்டையாகிவிடுகின்றன என்று படித்தேன். விடுதியில் நான் யாரோடும் பேசுவதில்லை. அதுதான் சரி என்று தோன்றியது. கேலக்ஸிக்கு நல்ல தமிழ்ச்சொல் எது? பக்கத்து கேலக்ஸியான ஆண்ட்ரோமெடா நம்முடையதோடு மோதினால் சூரியன் என்ன ஆகும்?

கே.

அன்புள்ள கே.,

கேலக்ஸி என்றே எழுதுங்கள், புரிகிறது. ஆண்ட்ரோமெடா மோதுமா என்பதே இப்போது உறுதியில்லை. மோதினாலும் விண்மீன்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் சூரியன் தப்பிவிடும்.

நீங்கள் படித்தது பாதி உண்மை. 1980இல் வானியலாளர் ஆலன் டிரெஸ்லர் 55 கேலக்ஸிக் கொத்துகளை ஆராய்ந்தார். நெரிசல் கூடக்கூடச் சுருள்கள் குறைகின்றன என்று தெரிந்தது. சரி. அதற்காக வானத்தை உங்கள் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போடுவீர்களா? கோபமாகத்தான் கேட்கிறேன்.

1845இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு 72 அங்குலத் தொலைநோக்கியில் பார்த்து ஒரு கேலக்ஸியை வரைந்தார். முதன்முதலில் சுருள் தெரிந்தது அதில்தான். அதன் பட்டியல் பெயர் எம்51. அது தனியாக இல்லை! பக்கத்திலேயே சின்னத் துணை ஒன்று இருக்கிறது. அதன் இழுப்புத்தான் அந்தக் கரங்களை இவ்வளவு எடுப்பாக்கியது என்று 1972இல் வானியல் ஆய்வாளர்களான தூம்ரே சகோதரர்கள் கணினியில் போட்டுக் காட்டினார்கள்.

அதற்கும் முன்னால் ஸ்வீடன் வானியலாளர் ஹோம்பர்க். இந்த மனிதரைத்தான் ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1941இல் அவர் வெளியிட்ட சோதனையில் கணினி கிடையாது. விண்மீன்களுக்குப் பதில் பல்புகளை வைத்தார்: ஒரு கேலக்ஸிக்கு 37, மோதும் இரண்டுக்கும் சேர்த்து 74. தூரம் இரு மடங்கானால் ஈர்ப்பு கால் பங்காகும், வெளிச்சமும் அப்படியே. ஆகவே ஒவ்வொரு பல்பு இருக்கும் இடத்திலும் ஒளிமானியை வைத்து, எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று அளந்தார். அதுதான் ஈர்ப்பு. கணக்குப்படி பல்புகளை நகர்த்தினார். மறுபடி அளந்தார், மறுபடி நகர்த்தினார். இரண்டு கூட்டங்களும் நெருங்கிக் கடந்தபோது சுருள் கரங்கள் முளைத்தன.

எங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கு ஒரே அரிக்கேன் விளக்கு. மின்சாரம் போனால் எல்லோரும் அதைச் சுற்றி உட்காருவோம். ஒருநாள் அண்ணனோடு சண்டை; புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய்விட்டேன். எழுத்தே தெரியவில்லை. பாட்டி ஒன்றும் சொல்லாமல் விளக்கை என் பக்கமாக ஒரு முழம் நகர்த்தி வைத்தார். மற்ற மூவரும் முனகிக்கொண்டே விளக்கோடு நகர்ந்து வந்தார்கள். அண்ணனின் முழங்கால் என் மேல் இடித்தது.

உங்கள் கடிதத்தில் அந்த விடுதி வரியை மூன்று முறை படித்தேன், தம்பி.

ஏப்ரலில் சப்தரிஷி மண்டலம் உயரமாக வரும். வசிஷ்டரைத் தாண்டி வாலின் நுனியில் இருப்பவர் மரீசி. அவருக்கு அருகில்தான் எம்51. கல்லூரியில் சின்னத் தொலைநோக்கி இருந்தால் இரவல் கேளுங்கள். இரண்டு மங்கலான புகைத்திட்டுகள் தெரியும். ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டால் பார்ப்பது சுலபம். பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டுப் பாருங்கள். தெரிந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.