ஊர் வரலாற்றைத் தொகுக்கப் பள்ளியையும் நூலகத்தையும் வரலாற்று ஆர்வலர்களையும் ஒன்றுசேர்க்க முடியுமா? எங்கே தொடங்குவது?

தாராளமாக முடியும். சிவகங்கைப் பக்கம் கிளை நூலகராக இருந்தபோது ஆறேழு வருடம் இந்த வேலையில் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கண்மாயிலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் முதலில் கோயிலுக்குத்தான் போவார்கள். ஆனால் எங்களுடையது வானம் பார்த்த பூமி, ஊர் அங்கே உட்கார்ந்ததே கண்மாயை நம்பித்தான். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கொடுத்தோம்: கண்மாய்க்கு எத்தனை மடை (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வழி), ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர், அதில் பாயும் வயல்களுக்கு என்ன பெயர்? வீட்டில் இருக்கும் அப்பத்தாவிடமோ தாத்தாவிடமோ கேட்டு எழுதி வரவேண்டும். ஒரே வாரத்தில் வந்து குவிந்த பெயர்களில் பாதி எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை.

அதில் ஒரு மடையைப் பார்க்க ஆர்வலர் குழுவில் இருந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர் பிள்ளைகளோடு போனார். மடைத் தூணில் எழுத்து இருந்தது. பாண்டிய நாட்டுக் கண்மாய்களில் மடையைச் செய்து கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டும் வழக்கம் உண்டு. அன்று அவர் பிள்ளைகளுக்கு மைப்படி எடுக்கக் கற்றுக்கொடுத்தார். கல்லைத் தண்ணீர் விட்டுத் துலக்கி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கவேண்டும். ஈரம் சற்று வற்றியதும் மேலே மை ஒற்றினால், கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். 'க' என்ற எழுத்தை ஒரு சிறுமி தானே கண்டுபிடித்துச் சத்தமாகச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

சரி, நூலகத்துக்கு இதில் என்ன வேலை? முதலாவது, "புதுக் கல்வெட்டு கிடைத்தது" என்று செய்தி கொடுப்பதற்கு முன்னால் சரிபார்ப்பது. ஊர் ஊராகப் படியெடுத்த கல்வெட்டுகளைப் பட்டியலிடும் அரசின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் இருக்கின்றன, கல்வெட்டு வாசகங்களை அச்சிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும் இருக்கின்றன. பல ஊர்களில் கோயில் திருப்பணியின்போது, சுத்தம் செய்ய மணலை வேகமாகப் பீச்சி அடித்ததில் சுவரில் எழுத்து அழிந்துபோனாலும், வாசகம் அந்தத் தொகுதிகளில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெயர் அவற்றில் இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஏராளமான பழைய நூல்களை இலவசமாகவே படிக்கலாம்.

இரண்டாவது வேலைதான் பெரியது. முதல் வருடம் பிள்ளைகள் எழுதிய நோட்டுகளையும் வீடு வீடாக வாங்கிய பழைய புகைப்படங்களின் நகல்களையும் பள்ளி அலமாரியில் வைத்தோம். பொறுப்பாசிரியர் மாறுதலாகிப் போனார். அடுத்த கோடை விடுமுறையில் வெள்ளையடிக்கும்போது எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. அதில் பேசியிருந்த பெரியவர்களில் இரண்டு பேர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்கப்புறம் எந்த நோட்டு வந்தாலும் ஒரு படியை நூலகத்தில் சேர்த்து, இருப்புப் பதிவேட்டில் எண் போட்டுவிடுவோம். எண் விழுந்துவிட்டால் அதை யாரும் நினைத்தபடி கழிக்க முடியாது. பிள்ளைகள் படித்து முடித்துப் போவார்கள், ஆசிரியர்கள் மாறுவார்கள், ஆர்வலர்களுக்கு வயதாகும். எண் போட்ட நோட்டு அங்கேயே இருக்கும்.

ராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப்பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தைப் பாருங்கள், மாணவர்களே கல்வெட்டுப் படிக்கப் பழகியிருக்கிறார்கள். கீழடியில் 2015-இல் அகழாய்வு தொடங்குவதற்கு நாற்பது வருடம் முன்பே, அங்கே வேலை பார்த்த ஒரு வரலாற்று ஆசிரியர் மாணவர்கள் கொண்டுவந்த பழம்பொருட்களைச் சேர்த்து வைத்திருந்தார்.

ஒரு எச்சரிக்கை: பிள்ளைகளை எங்கும் தோண்ட விடாதீர்கள். தரையில் கிடப்பதைப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும். புதையல் மாதிரி ஏதாவது கிடைத்தால் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லிவிடுங்கள். 1878-ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது.

உங்கள் நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் அவர்களிடமிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். நவம்பர் 14 முதல் தேசிய நூலக வாரம் வரும், அந்த வாரத்தில் பிள்ளைகள் சேகரித்ததைக் காட்சிக்கு வையுங்கள். நாங்கள் மடைப் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தோம். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு அப்பத்தா, அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ரெண்டு மடையை விட்டுட்டியளேப்பா" என்றார். அங்கேயே உட்காரவைத்து எழுதிக்கொண்டோம்.