1923-இல் பிறந்த கட்சி 1992-இல் எப்படித் தொடங்கும்?

கேள்வி: முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். துருக்கியின் குடியரசு மக்கள் கட்சி பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை எழுத வேண்டும். ஒரு நூல் கட்சி 1923-இல் தொடங்கியது என்கிறது. இன்னொன்று 1992 என்கிறது. புலெந்த் எஜெவித் அந்தக் கட்சியின் தலைவர் என்று படித்தேன். அவர் 1999-இல் பிரதமர். ஆனால் அதே 1999 தேர்தலில் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை என்றும் இருக்கிறது. எதை நம்புவது? இதை இடதுசாரிக் கட்சி என்று எழுதலாமா?

பதில்: நீங்கள் படித்தவை எல்லாமே சரி. இடையில் பத்தாண்டுகளுக்கு மேல் கட்சியே இல்லாமல் இருந்தது என்பதைத்தான் அந்த நூல்கள் சொல்லாமல் விட்டிருக்கின்றன. 1980 செப்டம்பர் 12 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மறு ஆண்டு அக்டோபரில் பழைய கட்சிகள் அத்தனையையும் சட்டம் போட்டு மூடியது. குடியரசு மக்கள் கட்சியும் அவற்றில் ஒன்று. மூடிய கட்சிகள் பழைய பெயரிலேயே திரும்ப இயங்கலாம் என்று 1992-இல் சட்டம் வந்ததும், அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று கட்சி மறுபடி திறக்கப்பட்டது. அந்த நாளைக் காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்தார்கள். பின்னாளில் அத்தாதுர்க் என்று பெயர் பெற்ற முஸ்தபா கெமால் கட்சியை நிறுவியது 1923 செப்டம்பர் 9. குடியரசு அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு அக்டோபர் 29. அரசைவிடக் கட்சிக்கு ஏழு வாரம் வயது அதிகம்.

உங்களைக் குழப்பிய இடைவெளியை முதலில் முடித்துவிடுவோம். கட்சி மூடப்பட்டதும் அதன் வாக்காளர்கள் ஆவியாகிவிடவில்லை; வெவ்வேறு வீடுகளுக்குக் குடிபோனார்கள். 1983 தேர்தலில் ராணுவம் அனுமதித்த மக்கள் கட்சிக்குச் சுமார் 30 விழுக்காடு வாக்கு விழுந்தது. அத்தாதுர்க்குக்குப் பின் அதிபரும் கட்சித் தலைவருமான இஸ்மெத் இனோனுவின் மகன் எர்தால் இனோனு தொடங்கிய சமூக ஜனநாயகக் கட்சியை அந்தத் தேர்தலில் நிற்கவே விடவில்லை. 1985-இல் இவ்விரண்டும் இணைந்து சமூக ஜனநாயக மக்கள் கட்சி ஆயின. அதே ஆண்டில், பழைய கட்சியின் தலைவராக இருந்த எஜெவித்தின் மனைவி ராஹ்ஷான், ஜனநாயக இடது கட்சியைத் தொடங்கினார். கணவருக்கு அப்போது அரசியல் தடை இருந்தது; 1987 பொதுவாக்கெடுப்பில் தடை நீங்கியதும் அவர் அதன் தலைவரானார். பழைய கட்சி மறுபடி திறந்தபோதும் அங்கே திரும்பவில்லை. 1999-இல் 22 விழுக்காடு வாங்கி முதலிடம் பிடித்ததும் அவரைப் பிரதமராக்கியதும் இந்தக் கட்சிதான். டெனிஸ் பைகால் தலைமையில் திறக்கப்பட்ட குடியரசு மக்கள் கட்சியோ 1995-இல் சமூக ஜனநாயக மக்கள் கட்சியைத் தன்னோடு இணைத்துக்கொண்ட பிறகும், அவ்வாண்டுத் தேர்தலில் 10.7 விழுக்காட்டோடு மயிரிழையில் தப்பியது. 1999-இல் 8.7 விழுக்காடு. நாடு முழுவதும் 10 விழுக்காடு பெறாத கட்சிக்கு அன்றைய துருக்கியில் நாடாளுமன்ற இடம் கிடையாது.

எனவே 1981 முதல் 1995 வரையிலான பகுதியைக் காலக்கோடாக எழுதாதீர்கள். குடும்ப மரமாக வரையுங்கள். சட்டப்படி வாரிசு யார் என்ற கேள்வியை அதிலேயே தனியாகக் குறியுங்கள். அத்தாதுர்க் 1938 உயிலில் இஷ் வங்கியில் தமக்கிருந்த பங்குகளைக் கட்சிக்கு எழுதிவைத்தார்; அவற்றின் லாப ஈவு மட்டும் துருக்கி மொழிக் கழகத்துக்கும் வரலாற்றுக் கழகத்துக்கும் போக வேண்டும் என்றார். சுமார் 28 விழுக்காடு வரும் அந்தப் பங்குகளின் சார்பில் வங்கி நிர்வாகக் குழுவில் இன்றும் குடியரசு மக்கள் கட்சியின் ஆட்கள்தான் அமர்கிறார்கள். எஜெவித்தின் கட்சி அந்த உரிமையைக் கேட்டிருக்கவே முடியாது. 1923-ஐத் தொடக்க ஆண்டாக எழுத இதைவிட நல்ல ஆதாரம் தேட வேண்டியதில்லை.

முதல் 27 ஆண்டுகளைப் பெரும்பாலான கட்டுரைகள் அளவுக்கு மீறி நீட்டுகின்றன. நீங்கள் ஒரு பக்கத்தில் முடிக்கலாம். கட்சியும் அரசும் ஒன்றாக இருந்த காலம் அது. 1936-இல் உள்துறை அமைச்சரே கட்சியின் பொதுச்செயலாளர், மாகாண ஆளுநர்களே கட்சியின் மாகாணத் தலைவர்கள் என்றாக்கினார்கள். குடியரசுவாதம், தேசியவாதம், மக்கள்வாதம், அரசுடைமைவாதம், மதச்சார்பின்மை, புரட்சிவாதம் என்ற ஆறு கொள்கைகள், கட்சிச் சின்னத்தின் ஆறு அம்புகள், 1937-இல் நாட்டின் அரசியலமைப்பிலேயே ஏறின. 1924-இலும் 1930-இலும் தோன்றிய எதிர்க்கட்சிகள் சில மாதங்களுக்கு மேல் பிழைக்கவில்லை.

நீங்கள் நின்று எழுத வேண்டிய இடம் 1950. கட்சியிலிருந்து பிரிந்துபோன செலால் பயாரும் அத்னான் மெந்தெரெஸும் 1946-இல் ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியிருந்தார்கள். 1950 மே 14 தேர்தலில் குடியரசு மக்கள் கட்சிக்குச் சுமார் 40 விழுக்காடு வாக்கு விழுந்தது. கிடைத்ததோ 487 இடங்களில் 69. ஒரு மாகாணத்தில் எந்தக் கட்சியின் பட்டியல் முந்துகிறதோ அதற்கே அங்குள்ள அத்தனை இடங்களும் என்பது அன்றைய விதி. தன் ஆட்சியிலேயே வைத்திருந்த விதிதான். தன்வினை தன்னைச் சுட்டது. இனோனு ஆட்சியைச் சண்டையின்றி ஒப்படைத்தார். மூன்றே ஆண்டுகளில் புதிய அரசு கட்சியின் சொத்துக்களைக் கருவூலத்துக்கு எடுத்துக்கொண்டது. எதிர்க்கட்சியாக வாழ அது கற்றுக்கொண்டது இந்தப் பத்தாண்டுகளில்தான். அதன் ஜனநாயகப் பேச்சு அங்கிருந்து வந்தது, 1923-இலிருந்து அல்ல என்பது என் கருத்து. 1960 ராணுவப் புரட்சி, பிரதமராக இருந்த மெந்தெரெஸைத் தூக்கிலிட்டது. அடுத்து வந்த தேர்தலில் கட்சி முதலிடம் பிடிக்க, இனோனு பிரதமரானார். அந்த நிழல் கட்சியின்மேல் வெகுகாலம் படிந்திருந்தது.

அடுத்தது எஜெவித். 1965-இல் இனோனு 'மையத்துக்கு இடப்புறம்' என்று கட்சியின் இடத்தைக் குறித்தார். அதைக் கிராமத்துக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கும் கொண்டுபோனவர் மறு ஆண்டு பொதுச்செயலாளரான எஜெவித். பிடிக்காதவர்கள் 1967-இல் வெளியேறித் தனிக்கட்சி கண்டார்கள். 1971-இல் ராணுவம் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து அரசைக் கவிழ்த்தபோது, அதன்பின் அமைந்த அமைச்சரவைக்கு இனோனு ஆதரவு தந்தார். எஜெவித் எதிர்த்துப் பதவி விலகினார். 1972 மாநாட்டில் விடுதலைப் போர் நாயகரான இனோனுவை வென்று அந்த இளையவர் தலைவரானார். 1977-இல் 41.4 விழுக்காடு, 1950 முதலான தேர்தல்களில் கட்சி தொட்ட உச்சம் இது. அப்போதும் 450-இல் 213 இடங்கள்தான், பெரும்பான்மை இல்லை. 1950 முதல் இன்றுவரை இந்தக் கட்சி தனிப்பெரும்பான்மையோடு ஆண்டதே இல்லை என்பதைக் கட்டுரையில் எங்காவது அழுத்தமாகச் சொல்லிவிடுங்கள். படிப்பவர் பலரும் எதிர்பார்க்காத தகவல் அது.

2002-க்குப் பிந்தைய கதை செய்திகளில் நிறையக் கிடைக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த ஆண்டுத் தேர்தலில் எர்டோகனின் கட்சியும் இதுவும் மட்டுமே 10 விழுக்காட்டைத் தாண்டின. எர்டோகன் தாமே நாடாளுமன்றம் நுழைய இருந்த சட்டத்தடையை நீக்கப் பைகால் துணைநின்றார். இதற்காகக் கட்சிக்காரர்களே அவரை இன்றும் திட்டுகிறார்கள். 2010-இல் கட்சித் தலைவராக வந்த கெமால் கிலிச்தாரோலு 2017-இல் அங்காராவிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நீதி கேட்டு நடந்தார். 2023 அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் 47.8 விழுக்காட்டோடு தோற்றார். அவ்வாண்டு நவம்பரில் ஒஸ்குர் ஒசெல் தலைவரானார். 2024 மார்ச் உள்ளாட்சித் தேர்தலில் கட்சி 37.8 விழுக்காடு வாங்கி, 1977-க்குப் பின் முதல் முறையாக நாட்டின் முதல் கட்சியானது. 2025 மார்ச்சில் இஸ்தான்புல் மேயர் எக்ரெம் இமாமோலு கைது செய்யப்பட்டார். அவர் சிறைக்கு அனுப்பப்பட்ட அன்றே கட்சி அவரை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தது.

இடதுசாரி என்று எழுதலாமா என்றால், ஆண்டைச் சேர்த்து எழுதலாம். 1965-க்கு முன் அப்படி எழுதுவது தவறு. எழுபதுகளுக்குத் தயங்காமல் எழுதலாம். இன்று உலக இடதுசாரிக் கட்சிகளின் கூட்டமைப்பான சோசலிஸ்ட் அகிலத்தில் உறுப்பினராக இருக்கும் இதே கட்சி, 2014-இல் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் முன்னாள் பொதுச்செயலாளரை அதிபர் வேட்பாளராக முன்மொழிந்தது, 2023-இல் ஓர் இஸ்லாமியக் கட்சியையும் கூட்டணியில் வைத்திருந்தது. அதன் அங்காரா மேயர் மன்சூர் யாவாஷ் வலதுசாரி தேசியவாதிகளிடமிருந்து வந்தவர். அண்மைக்காலத்துக்கு 'சமூக ஜனநாயக, மதச்சார்பற்ற கட்சி' என்று எழுதி, பக்கத்திலேயே இந்தக் கூட்டணிகளையும் குறிப்பிட்டுவிடுங்கள். உங்கள் வழிகாட்டி அடுத்துக் கேட்கப்போவது அவற்றைத்தான்.