ஸ்டீரியோவை மோனோ ஒலிபெருக்கியில் இணைத்தல்: கேள்வி பதில்

கேள்வி: கைபேசியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து (ஸ்டீரியோ: இடது, வலது எனத் தனித்தனி ஒலி), ஒரே உள்ளீடு கொண்ட (மோனோ) ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டு கொடுக்க வேண்டும். இடது, வலது வயர்களைச் சேர்த்து முறுக்கிவிடலாமா?

பதில்: கூடாது. ஒரு வெளியீட்டைப் பல உள்ளீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்; இரண்டு வெளியீடுகளை நேரடியாக ஒன்றாக்கக் கூடாது. இடது வயரில் ஒன்று, வலது வயரில் ஒன்று என 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைப் பற்றவைத்து, அவற்றின் மறுமுனைகளை இணைத்து ஆம்ப்ளிஃபையரில் செருகும் பின்னின் நடுமுனைக்கும், கிரவுண்ட் வயரை (இரு பக்கத்துக்கும் பொதுவான வயர்) அதன் வெளிப்பகுதிக்கும் கொடுங்கள். உள்ளீட்டின் தடை 10 கிலோ ஓமோ அதற்கு மேலோ இருந்தால், இதனால் குறையும் ஒலி அரை டெசிபல்கூட இராது.

கேள்வி: பத்து ஆண்டுகளாகத் திருவிழாக்களுக்கு மைக்செட் போடுகிறேன். முறுக்கித்தான் இணைக்கிறேன், எதுவும் கெட்டதில்லை.

பதில்: இரு பக்கமும் ஒரே ஒலி வரும்போது இடையில் மின்னோட்டம் பாயாது; பழைய மோனோ பதிவுகள் முழுவதும் அப்படித்தான். இடது, வலது வேறுபடும்போதுதான் சிக்கல். ஒவ்வொரு வெளியீட்டின் தடையும் 2 ஓம், வேறுபாடு 1 வோல்ட் என்று கொண்டால், கணக்குப்படி 250 மில்லிஆம்பியர் பாய வேண்டும். இரண்டு ரெசிஸ்டர்கள் இருந்தால் அது அரை மில்லிஆம்பியராகச் சுருங்கிவிடும்.

கேள்வி (அவரே): இது தாளில் போடும் கணக்கு. கைபேசிச் சிப்பில் பாதுகாப்பு உண்டே?

பதில்: பல சிப்புகளில் உண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்பு மின்னோட்டத்தை அடக்கும்போது அலையின் உச்சியும் வெட்டுப்படுகிறது. கருவி பிழைத்துக்கொண்டாலும் பாட்டு கரகரக்கும். உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. மிகச் சில ரூபாய் ரெசிஸ்டர்களைத் தவிர்ப்பதற்காகப் பிறருடைய கைபேசியைப் பணயம் வைக்க வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: மிக்ஸரின் மைக் உள்ளீட்டில் கைபேசியை இணைத்தேன். இசை கேட்கிறது, பாடகரின் குரலைக் காணோம்.

பதில்: அது பேலன்ஸ்டு உள்ளீடு, தன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். உங்கள் வயர் இடதை ஒரு முனைக்கும் வலதை மறுமுனைக்கும் தருகிறது. குரல் பெரும்பாலும் இரு பக்கமும் சம அளவில் பதிவாகியிருப்பதால் முற்றிலும் கழிந்துபோகிறது; ஒரு பக்கமாகப் பதிவான இசைக்கருவிகளும் எதிரொலியும் மிஞ்சுகின்றன. வயரைக் குறைசொல்லி இன்னொன்று வாங்கினாலும் இதுவேதான் நடக்கும். முதல் பதிலில் சொன்னபடி கலந்து, லைன் உள்ளீட்டில் (மைக்குக்கு அல்லாமல், கைபேசி போன்ற கருவிகளுக்கான துளை) கொடுங்கள்.

கேள்வி: கடையில் விற்கும் ஒய் வயர் (இடது, வலதை ஒரே பின்னில் சேர்க்கும் வயர்) போதுமா?

பதில்: மீண்டும் அதே கேள்வி. உள்ளே ரெசிஸ்டர் இல்லாத ஒய் வயரும் முறுக்கிய வயரும் ஒன்றே. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பற்றவைக்கத் தெரியாது. வேறு வழி?

பதில்: கைபேசியின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ ஆடியோவை இயக்கி, இடது வயரையும் கிரவுண்டையும் மட்டும் இணையுங்கள், வலது வயர் எதையும் தொடாமல் இருக்கட்டும். ஆனால் மோனோ பின்னை (வலதுக்குத் தனி முனை இல்லாத பின்) கைபேசியில் நேரடியாகச் செருகாதீர்கள். அது வலது வெளியீட்டைக் கிரவுண்டோடு ஒட்டவைத்துவிடும்.

கேள்வி: ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரின் இரு ஸ்பீக்கர் வெளியீடுகளையும் ஒரே ஸ்பீக்கரில் இணைக்க எந்த ரெசிஸ்டர்?

பதில்: எந்த ரெசிஸ்டரும் வேண்டாம், இணைக்கவே வேண்டாம். பிரிட்ஜ் வகை (ஸ்பீக்கரின் இரு முனைகளையும் இயக்கும்) ஆம்ப்ளிஃபையர்களில் கறுப்பு முனைகூடக் கிரவுண்ட் அல்ல. ஒலியை ஆம்ப்ளிஃபையருக்குள் நுழையும் முன்பே கலந்து, ஒரு பக்க வெளியீட்டில் மட்டும் ஸ்பீக்கரை மாட்டுங்கள்.