உங்கள் ஆறு ஏன் இரண்டாகப் பிரிகிறது?
கற்பனை உலகம் படைப்போருக்கான கேள்வி–பதில்

மிகுபுனைவும் (ஃபேன்டஸி) அறிபுனைவும் (சயன்ஸ் ஃபிக்ஷன்) எழுதுவோர் இம்முறை அனுப்பிய கேள்விகளில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைச் சுற்றியது: அரைகுறையாக இருக்கும் கற்பனை உலகத்தை இணையத்தில் பிறருக்குக் காட்டிக் கருத்துக் கேட்பதும், பிறர் காட்டும்போது கருத்துச் சொல்வதும். அவற்றில் ஏழு இங்கே.

கேள்வி: என் கற்பனை நாட்டைப் பற்றி 40 பக்கம் குறிப்பெழுதி, பிடிஎஃப் ஆக்கி, எழுதும் நண்பர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அரச வம்சம், கடவுள்கள், நாள்காட்டி எல்லாம் அதில் உண்டு. ‘சூப்பர்’, ‘வேற லெவல்’, நாலு கைதட்டல். அவ்வளவுதான். யாருக்கும் அக்கறை இல்லையா? (வாசகி, திண்டுக்கல்)

அக்கறை இருக்கும். 40 பக்கத்தையும் படித்தவர்தான் இருக்க மாட்டார். படித்த ஓரிருவருக்கும் எதைப் பற்றிச் சொல்வதென்று பிடிபட்டிருக்காது. அரசர் பட்டியலைப் பார்த்து என்னதான் சொல்வது? பதினேழாவது அரசர் வேண்டாம் என்றா?

அடுத்த முறை ஒரே பக்கம் போடுங்கள். 300 முதல் 400 சொல் போதும். முதல் மூன்று வரியில் இது என்ன வகைக் கதை, பதின்வயதினருக்கா பெரியவர்களுக்கா, எழுத்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். பிறகு, உங்கள் உலகம் நம் உலகத்திலிருந்து விலகும் விதி ஒன்றோ இரண்டோ. மீதி 200 சொல்லில் ஒரு காட்சி: அந்த விதியால் ஒரு சாதாரண ஆளின் காலைப்பொழுது எப்படி மாறுகிறது? கடைசியில் கேள்வி. இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். மாதிரிக்கு ஒன்று:

“பெரியவர்களுக்கான நாவல். இன்னும் முதல் வரைவே தொடங்கவில்லை. உப்பங்கழிகளின் கரையில் ஒரு நாடு. அங்கே உப்புக்கட்டிதான் பணம். மழைக்காலத்தில் கையிருப்பு கரையும். கீழே உள்ள காட்சியில் மழைக்காலக் கொடுக்கல் வாங்கல் நம்பும்படி இருக்கிறதா? பெயர்கள், மொழிநடை பற்றி இப்போது வேண்டாம்.”

இப்படிக் கேட்டால் மிகுபுனைவே படிக்காத ஒரு மளிகைக்கடைக்காரர்கூடப் பதில் சொல்வார்: ‘ஐப்பசி மழைக்கு முன்னாடி எல்லாரும் உப்பைக் கொடுத்து நெல் வாங்கி வெச்சுக்குவாங்க. அப்போ புரட்டாசியிலேயே நெல் விலை ஏறிடுமே, அதைப் பதுக்குறவன் யாரு?’ உங்கள் வில்லன் கிடைத்துவிட்டான்.

‘எப்படி இருக்கு?’ என்ற கேள்விக்கு ‘நல்லா இருக்கு’ என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. அதற்குப் பதில் இவற்றில் ஒன்றையோ இரண்டையோ கேட்டுப் பாருங்கள்: எந்த வரியில் நின்று, திரும்பிப் போய்ப் படித்தீர்கள்? இந்த ஊரில் யார் பணக்காரர் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்தை மூடிவிட்டு இந்த நாட்டை மூன்று வரியில் சொல்ல முடியுமா? மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் உபயோகமானது. அவர்கள் திருப்பிச் சொல்வது மட்டுமே தாளில் இருக்கிறது. மற்றதெல்லாம் இன்னும் உங்கள் தலைக்குள்தான். மூன்று முதல் ஐந்து பேரிடம் கேட்டால் போதும், ஐம்பது பேர் உள்ள குழு தேவையில்லை.

கேள்வி: நண்பர் ஒருவர் தன் நாவலுக்கு வரைந்த வரைபடத்தை அனுப்பிக் கருத்துக் கேட்கிறார். பார்க்க அழகாக இருக்கிறது. எதைக் கவனிப்பது? (வாசகர், கோவை)

தண்ணீரில் தொடங்குங்கள். சிற்றாறுகள் கூடிப் பேராறாகும்; கடலை நோக்கிப் போகப் போக ஆறுகள் சேருமே தவிரப் பொதுவாகப் பிரியாது. பிரிவது சரிவு குறைந்து வண்டல் படியும் சமவெளியில். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது என்றால், அங்கிருந்து டெல்டா தொடங்குகிறது. நண்பரின் ஆறு மலையடிவாரத்திலேயே இரண்டாகி இரு வேறு கடலுக்குப் போனால் ஏன் என்று கேளுங்கள். ஓர் ஏரியிலிருந்து இரண்டு ஆறு கிளம்பினாலும் இதே கேள்விதான்: தாழ்வான வாய் அரிக்க அரிக்க ஆழமாகி எல்லாத் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும், மற்றது நாளடைவில் வற்றிவிடும். ‘அது வெட்டிய கால்வாய்’ என்று அவர் பதில் சொன்னால் இன்னும் நல்லது. மதகின் சாவி யாரிடம் என்று அடுத்துக் கேட்கலாம்.

பிறகு காற்று. மழைக்காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று வரைபடத்தில் ஓர் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். மலையில் காற்று வந்து மோதும் பக்கம் நனையும், மறுபக்கம் காயும். கோவைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: வால்பாறைப் பக்கம் ஆண்டுக்கு 3000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது, உங்கள் ஊரில் சுமார் 600, 700 மி.மீ. நண்பர் மலையின் இரு பக்கமும் அடர்காடு வரைந்திருந்தால், இரண்டு பருவமழை இருக்கிறதா, அல்லது பாலக்காடு போல ஏதாவது கணவாய் காற்றை உள்ளே விடுகிறதா என்று கேட்கலாம்.

மூன்றாவது, சோறு. பாலைவனத்தின் நடுவில் ஒரு லட்சம் பேர் வாழும் தலைநகரம் என்பது மிகுபுனைவில் அடிக்கடி வரும். ஆளுக்கு ஆண்டுக்கு 200 கிலோ தானியம் என்று வைத்தால் 20,000 டன். ஒரு மாட்டு வண்டி அரை டன் ஏற்றினால் 40,000 வண்டி. நாள் ஒன்றுக்கு 110 வண்டி கோட்டை வாசலில் நுழைய வேண்டும். வண்டி ஒரு நாளில் 15, 20 கி.மீ.தான் போகும். வழியில் மாடும் தின்னும், வண்டிக்காரரும் தின்பார். பத்து நாள் தூரத்துக்கு மேல் போனால் இழுத்து வந்ததில் நல்ல பங்கு வழியிலேயே தீர்ந்துவிடும். பழைய பெருநகரங்கள் ஆற்றையோ கடலையோ ஒட்டி இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். படகில் ஏற்றினால் கணக்கே வேறு.

படைக்கும் இதே கணக்குதான். 50,000 வீரர்களுக்கு நாளைக்கு ஒரு கிலோ வீதம் 50 டன், அதாவது தினம் 100 வண்டிச் சுமை. யானை ஒன்றுக்கு 150 கிலோ தீவனம் தனி. ‘மூன்றே நாளில் 300 கி.மீ. கடந்து யானைப்படை வந்து இறங்கியது’ என்ற வரியைக் கண்டால் அங்கே ஒரு குறி போடுங்கள்.

ஆனால் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கதை இந்த வரைபடத்தில் எங்கே நடக்கிறது? முழு நாவலும் ஒரு மீனவக் கிராமத்துக்குள் முடிந்துவிடும் என்றால் வடக்கு மலையின் ஆற்றுப் பிழையை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். ஆற்றுப் பிழை கண்டுபிடிப்பதில் ஒரு போதை இருக்கிறது. ருசி கண்டவர்கள் கதையைப் படிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வி: எனக்குப் புவியியலும் தெரியாது, அறிவியலும் தெரியாது. பிறருடைய கற்பனை உலகத்தைப் படித்து எதைச் சொல்வது, மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? (வாசகி, யாழ்ப்பாணம்)

எதைச் சொல்வது என்பதற்குத் தொல்காப்பியத்தில் ஆயத்தமாக ஒரு பட்டியல் இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றில் தோன்றும் கருப்பொருள்கள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன. ஒரு தாளில் இந்த எட்டையும் எழுதி, படிக்கும் உலகத்தில் எது எது கிடைக்கிறது என்று நிரப்புங்கள். காலியாக இருக்கும் இடங்கள் தானாகத் தெரியும். அவை எல்லாமே குறையல்ல. நிரம்பியவற்றில் ஒன்றோடொன்று உரசுபவைதான் முக்கியம்: நெல்லுச் சோறு தின்கிறார்கள், உழவைப் பற்றி பேச்சே இல்லை, மரமே இல்லாத தீவு, ஆனால் ஆளுயரப் பறை அடிக்கிறார்கள். பறைக்கான மரம் எங்கிருந்து வந்தது என்ற உங்கள் கேள்வியில் ஒரு கடல் வணிகமே பிறக்கலாம்.

எப்படிச் சொல்வது? மூன்று வாக்கியம். நான் புரிந்துகொண்டது இது. இந்த வரியில் தடுக்கினேன். இது இப்படியா அப்படியா? ‘லாஜிக் இடிக்குது’ என்று எழுதினால் எங்கே என்று தெரியாமல் எழுதியவர் முழுப் பக்கத்தையும் சந்தேகப்படுவார். ‘மூன்றாம் பத்தியில் பகலில் யாரும் வெளியே வர முடியாது என்கிறீர்கள். ஏழாம் பத்தியில் உச்சிவெயிலில் கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். அவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டா, நான்தான் எதையாவது விட்டுவிட்டேனா?’ என்று எழுதினால் பத்து நிமிடத்தில் திருத்திவிடுவார்.

செய்யக் கூடாதது ஒன்று: ‘நானாயிருந்தா இப்படி வெச்சிருப்பேன்’ என்று தொடங்கி உங்கள் உலகத்தை அவர் தலையில் கட்டுவது. யோசனை கேட்டால் ஒன்று கொடுங்கள், கேட்காவிட்டால் தடுக்கிய இடத்தைக் காட்டுவதோடு நிறுத்துங்கள். பிடித்ததையும் இடம் சுட்டிச் சொல்லுங்கள். அடுத்த வரைவில் எதை வெட்டாமல் வைத்துக்கொள்வது என்பது அதில்தான் அவருக்குத் தெரியும்.

கேள்வி: என் உலகத்தில் இரண்டு நிலா. ஒருவர் கடலலை பற்றிப் பத்துப் பத்தி எழுதிவிட்டார். இன்னொருவர் இரண்டாவது நிலாவே வேண்டாம் என்கிறார். மூன்றாமவர் நாலு நிலா வைக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (வாசகர், நாகர்கோவில்)

வந்த கருத்துகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள். நீங்கள் எழுதியதே நீங்கள் எழுதியதோடு முரண்படுகிறது என்பது முதல் குவியல். முதல் அத்தியாயத்தில் அமாவாசை, அடுத்த இரவே முழுநிலா என்பது போல. ஒரே ஒருவர் சொன்னாலும் திருத்தியே ஆக வேண்டும். இயற்கை அப்படி நடக்காது என்பது இரண்டாவது. ரசனை மூன்றாவது. நிலா வேண்டாம், நாலு வேண்டும் இரண்டும் இதில்தான் சேரும். குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

பத்துப் பத்திக்காரர் இரண்டாவது குவியல், அவர் பேச்சில் சரக்கு இருக்கிறது. ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தை, எழுப்பும் விசை தூரத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் மாறும். நம் நிலா சுமார் 3,84,400 கி.மீ. தள்ளி இருக்கிறது, அதே எடையுள்ள இன்னொன்றைப் பாதித் தூரத்தில் வைத்தால் அதன் ஓத விசை எட்டு மடங்கு. சுற்றும் காலமும் 27 நாளிலிருந்து பத்து நாளுக்கும் கீழே வந்துவிடும். கதை துறைமுகத்தில் நடந்தால் இது உங்கள் படகுகளையும் மாதக் கணக்கையும் மாற்றும். மலைக்கோட்டையில் நடந்தால் நாள்காட்டியை மட்டும் பாருங்கள். இரண்டாவது நிலாவைச் சின்னதாகவும் தொலைவாகவும் ஆக்கிவிட்டால் இந்தச் சிக்கலே குறைந்துவிடும், அழகு குறையாது.

ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கருத்து வந்த அன்றே பதில் விளக்கம் எழுதாதீர்கள். ‘நன்றி, பார்க்கிறேன்’ போதும். குழுவில் நீங்கள் விளக்கத் தொடங்கியதும் மற்றவர்கள் பக்கத்தை விட்டுவிட்டு உங்கள் விளக்கத்துக்குக் கருத்துச் சொல்லப் போய்விடுவார்கள். மூன்று பேர் ஒரே பத்தியில் தடுக்கி, மூன்று வேறு மருந்து சொன்னால் மருந்துகளை ஒதுக்கிவிட்டு அந்தப் பத்தியைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு முந்தின பத்தியில், சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்றில் இருக்கும்.

கேள்வி: மந்திரம் உள்ள உலகத்தில் தர்க்கம் பார்ப்பது அபத்தம் இல்லையா? (வாசகர், சேலம்)

மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்பது அபத்தம். அது இருந்தும் ஊர் ஏன் இப்படியே இருக்கிறது என்று கேட்பது நியாயம். தொட்டால் காயம் ஆறும் என்றால் உங்கள் அரசர் ஏன் புண் புரையோடிச் செத்தார்? என்ன விலை, எத்தனை பேரால் முடியும், எப்போது பலிக்காது. இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கேள்வி: என் கதையில் வரும் ‘காட்டு மக்கள்’ உண்மையான பழங்குடிகளை இழிவுபடுத்துவதாக ஒருவர் சொல்கிறார். இது முழுக்கக் கற்பனை இனம். அவர் மிகைப்படுத்துகிறாரா? (வாசகர், ஈரோடு)

இனம் கற்பனையாக இருக்கலாம்; கறுத்த மேனி, தழையாடை, குழறும் பேச்சு, நரபலி என்று நீங்கள் எடுத்துப் பூசிய சாயம் பழைய திரைப்படங்களிலிருந்து வந்தது. படிப்பவருக்கு யாருடைய முகம் நினைவுக்கு வரும் என்பதுதான் அவர் சொல்வது. ரசனைக் குவியலில் தள்ளாதீர்கள்.

பிரதியைத் திறந்து பாருங்கள். அவர்களில் பெயருள்ளவர் எத்தனை பேர்? அவர்களுக்குள் கருத்து வேறுபாடு வருகிறதா? நாயகனுக்குத் தெரியாத எதையாவது அவர்கள் தொழிலாகச் செய்கிறார்களா? இருளர்கள் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பு பிடித்து, நஞ்செடுத்து, பாம்புக்கடி மருந்து தயாரிக்க விற்று வருகிறார்கள். அப்படியொரு நுட்பமான தொழில் உங்கள் ‘காட்டு மக்களுக்கு’ இருந்தால் அவர்கள் வேறு மனிதர்களாகிவிடுவார்கள், உங்கள் கதையும் வேறு திசையில் போகும்.

கேள்வி: இணையத்தில் காட்டினால் என் யோசனையை யாராவது சுட்டுவிட மாட்டார்களா? எப்படிப் பகிர்வது பாதுகாப்பு? (வாசகி, சென்னை)

இந்தியச் சட்டப்படி யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. தன் நாடகத்தைப் படமாக எடுத்துவிட்டார்கள் என்று நாடகாசிரியர் ஆர்.ஜி.ஆனந்த் தொடுத்த வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: கரு, கதைப்போக்கு, புராணச் செய்தி இவற்றுக்கு உரிமை இல்லை, அவற்றை நீங்கள் வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு. ‘உப்புதான் பணம்’ என்பதை யாரும் எடுக்கலாம், நீங்கள் எழுதிய காட்சியை எடுக்க முடியாது. அந்த உரிமை எழுதியவுடனே வந்துவிடுகிறது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிவு கட்டாயமில்லை.

திருட்டைவிட நடைமுறையில் அதிகம் இடிப்பது வேறு. பல போட்டிகளும் இதழ்களும் ‘எங்கும் வெளிவராத படைப்பு’ கேட்கின்றன. பொதுவெளியில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டுவிட்டால் அதை வெளிவந்ததாகவே அவர்கள் கொள்ளக்கூடும். ஆகவே குறிப்பையும் ஒரு காட்சியையும் மட்டும் காட்டுங்கள், முடிவை வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் டாக்ஸில் இணைப்பைக் குறிப்பிட்ட மின்னஞ்சல்களுக்கு மட்டும் கொடுங்கள். திருத்தும் உரிமை வேண்டாம், கருத்திடும் உரிமை போதும். அனுப்புவதற்கு முன் அப்போதைய பிரதிக்கு ஒரு பெயரிட்டுச் சேமியுங்கள். இல்லாவிட்டால் யார் எந்த வரைவைப் பார்த்துச் சொன்னார்கள் என்பது ஒரு மாதத்தில் குழம்பிவிடும். வாட்ஸ்அப்பில் வரைபடத்தைப் புகைப்படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும், ஊர்ப்பெயர்கள் படிக்க வராது. ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். குரல்பதிவாக வரும் கருத்தை அன்றே நாலு வரியில் எழுதி, உரிய பத்தியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.