ரோஜாவுக்கு முந்தைய ரஹ்மான்: தேடுபவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

ஏ.ஆர்.ரஹ்மானுக்குப் பெயர் வாங்கித் தந்த 'ரோஜா' 1992 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. அதற்கு முன்பே பத்தாண்டுகளுக்கு மேல் அவர் கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் பெயர் திலீப். அந்தக் காலத்துக் கேசட்டுகளையும் விளம்பரங்களையும் நான் நெடுங்காலமாகத் தேடிச் சேர்த்து வருகிறேன். அதைப் பற்றிப் பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருச்சி வாசகர்: சார், எங்கிருந்து தொடங்குவது? இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையே?

முதலில் மூன்று நோட்டு போடுங்கள். அவரே இசையமைத்து, கேசட்டாக விற்பனைக்கு வந்தவை ஒன்றில். விளம்பர இசை இன்னொன்றில். பிறர் இசையமைத்த பாடல்களில் அவர் வாசித்தவை மூன்றாவதில். நீங்கள் பார்த்த பட்டியல்கள் குழம்புவதற்குக் காரணம், இந்த மூன்றையும் ஒரே கூடையில் கொட்டிவிடுவதுதான். முதல் நோட்டு ஒரு பக்கத்தைத் தாண்டாது. மூன்றாவதை யாராலும் எழுதி முடிக்க முடியாது. எம்.கே.அர்ஜுனன், எம்.எஸ்.விஸ்வநாதன், இளையராஜா, ரமேஷ் நாயுடு, ராஜ்-கோட்டி என்று அவர் வாசித்த இடங்கள் பல. ஒரு நாளில் இரண்டு மூன்று கால்ஷீட் ஓடிய காலம் அது. எந்தப் பாட்டில் யார் உட்கார்ந்தார் என்று அட்டையில் போடும் வழக்கமும் கிடையாது.

கீழக்கரை வாசகர்: எங்கள் வீட்டுப் பீரோவில் 'தீன் இசை மாலை' கேசட் ஒன்று இருக்கிறது. வாப்பா வாங்கியது. இது முதலில் வந்த பதிப்புதானா, பிறகு போட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல பொருள் கையில் இருக்கிறது, பத்திரம். 1989இல் வந்த இஸ்லாமிய பக்திப் பாடல் தொகுப்பு அது. ரஹ்மான் இசையமைத்து வெளியான ஆகப் பழைய தொகுப்புகளில் ஒன்று.

கேசட்டைப் போட்டுக் கேட்பதற்கு முன் உள்ளே மடித்து வைத்திருக்கும் அட்டையை வெளியே எடுத்து, முழுதாக விரித்து, பகலில் ஜன்னலோரம் வைத்துப் படியுங்கள். கம்பெனி முகவரியில் 'மெட்ராஸ்' என்று இருக்கிறதா, 'சென்னை' என்று இருக்கிறதா? ஊர்ப் பெயர் அதிகாரபூர்வமாக மாறியது 1996இல். 'சென்னை' என்று ஆங்கில எழுத்தில் அச்சாகியிருந்தால் அந்த அட்டை அதற்குப் பிந்தையதாகத்தான் இருக்கும். தொலைபேசி எண்ணை எண்ணிப் பாருங்கள். சென்னை எண் 8 இலக்கமாக இருந்தால் 2000க்குப் பிறகு அச்சடித்தது. அடுத்து, இசையமைப்பாளர் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பாருங்கள். 1989இல் அந்தப் பெயரைப் பார்த்து யாரும் கேசட் வாங்கியிருக்க மாட்டார்கள். பாடகர்களின் பெயரும் பக்தியும்தான் விற்றன. 'ஏ.ஆர்.ரஹ்மான்' என்று தலைப்புக்குச் சமமாகப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால், ரோஜாவுக்குப் பிறகு அவர் பெயரை வைத்து விற்கப் போட்ட அட்டை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்று: அட்டை பழையதாகவும் உள்ளே இருக்கும் கேசட் வேறாகவும் இருப்பதுண்டு. கேசட்டின் பிளாஸ்டிக் ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளும் அட்டையும் ஒரே எண்ணைக் (கம்பெனி கொடுத்த வெளியீட்டு எண்) காட்டுகின்றனவா என்று ஒப்பிடுங்கள். இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரு வாசகர்: 'செட் மீ ஃப்ரீ' கேட்டேன். ஏமாற்றமாக இருந்தது. இதற்கா இவ்வளவு தேடல்?

மால்குடி சுபா பாடிய ஆங்கில ஆல்பம், 1991இல் மேக்னசவுண்ட் வெளியிட்டது. வந்தபோது விற்கவில்லை. ரஹ்மான் புகழ்பெற்ற பிறகு மறுபடி சந்தைக்கு வந்தது. உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த மறுபதிப்பாக இருக்கும். அதில் ரோஜாவைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நான் அதை வேறு காரணத்துக்காக விரும்பிக் கேட்கிறேன். இயக்குநர் இல்லை, காட்சி இல்லை, கதாநாயகன் இல்லை. சொந்த ஸ்டூடியோ கட்டிக்கொண்ட இருபத்தைந்து வயதுகூட ஆகாத இளைஞர், முழு ஆல்பம் ஒன்றை எப்படி நிரப்புகிறார் என்பது அதில் தெரிகிறது. பாட்டை விட்டுவிட்டு, பின்னால் தாளமும் பேஸும் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று ஹெட்ஃபோனில் ஒருமுறை கேளுங்கள்.

கோவை வாசகர்: டைட்டன் விளம்பர இசை ரஹ்மானுடையதுதானே? நண்பன் மொசார்ட் என்கிறான்.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மெட்டு மொசார்ட்டின் 25ஆம் சிம்பொனி, முதல் பகுதி. 1773இல் சால்ஸ்பர்கில் எழுதியது, அப்போது அவருக்கு 17 வயது. அதை விளம்பரத்துக்கேற்ற அளவில் அமைத்துக் கொடுத்ததில்தான் ரஹ்மானின் பங்கு. உங்கள் நோட்டில் 'இசை: மொசார்ட், இசைக்கோவை: ரஹ்மான்' என்று எழுதுங்கள். அந்த விளம்பரம் பல ஆண்டுகளில் பல வடிவங்களில் வந்திருக்கிறது. அதனால் எந்த வடிவம் என்பதையும், நீங்கள் கேட்ட பதிவின் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா வடிவத்தையும் அவர் கணக்கில் எழுதக் கூடாது.

மதுரை வாசகி: ஆல்வின் வாட்ச் விளம்பரம், லியோ காபி விளம்பரமெல்லாம் சின்ன வயதில் டிவியில் பார்த்தது. அந்தக் காலப் பதிவாகவே வேண்டும். எங்கே தேடுவது?

அம்மா, இந்தத் தேடலில் எனக்கு ஆகப் பிடித்த பகுதி இது.

1987இல் ஆல்வின் கைக்கடிகாரங்களுக்கு அவர் போட்ட இசைதான் அவரை விளம்பர உலகத்துக்குள் கொண்டுபோனது. அதன் பிறகு ஐந்தாண்டுகளில் நூற்றுக்கணக்கில் போட்டார். மணிரத்னத்தின் காதுக்கு அவர் எட்டியதும் விளம்பர இசை வழியாகத்தான். ஆனால் விளம்பரப் படத்துக்குக் கேசட் வெளியீடு கிடையாது. ஏஜென்சியில் யூமேட்டிக் என்ற தொழில்முறை வீடியோ டேப்பில் ஒரு பிரதி, தூர்தர்ஷனுக்கு ஒரு பிரதி, அவ்வளவுதான். விளம்பரக் காலம் முடிந்தால் டேப்பை அழித்து வேறு வேலைக்குப் பயன்படுத்திவிடுவார்கள்.

ஆக, வீடுகளில் இருக்கும் விஎச்எஸ் கேசட்டுகள்தான் நமக்குக் களஞ்சியம். விளம்பரத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்று யாரும் பதிவுசெய்யவில்லை. வேறு எதையோ பதிவுசெய்யும்போது அது நடுவில் மாட்டிக்கொண்டது. 1987 அக்டோபர், நவம்பரில் நடந்த ரிலையன்ஸ் உலகக்கோப்பையைப் பதிவுசெய்து வைத்த வீடுகள் உண்டு. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவிடம் 1 ரன்னில் தோற்றோமே, அந்த ஆட்டம் உட்பட. ஆல்வின் விளம்பரம் வந்த அதே ஆண்டு! ஞாயிறு காலை ராமாயணம் 1987 ஜனவரியில் தொடங்கியது, மகாபாரதம் 1988 அக்டோபரில். ஒளியும் ஒலியும் வெள்ளிக்கிழமை இரவு. இவற்றைப் பதிவுசெய்தவர்கள் உறவில் யாராவது இருப்பார்கள். 'பழைய விளம்பரம் இருக்கிறதா' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். 'பழைய கிரிக்கெட் கேசட் இருக்கிறதா' என்று கேளுங்கள். கல்யாண வீடியோவின் கடைசியில் மிச்சமிருந்த நாடாவில் டிவி நிகழ்ச்சி பிடித்து வைத்தவர்களும் உண்டு. கேசட்டைக் கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள்.

இப்படிக் கிடைக்கும் பதிவுக்கு இன்னொரு பலனும் உண்டு. முன்னும் பின்னும் என்ன நிகழ்ச்சி என்று தெரிவதால், விளம்பரம் ஒளிபரப்பான நாளே கிடைத்துவிடும்.

சேலம் வாசகர்: 'புன்னகை மன்னன்' தீம் மியூசிக்கை உண்மையில் போட்டது ரஹ்மான்தான் என்கிறார்களே?

இல்லை. 1986இல் வந்த அந்தப் படத்தின் இசை இளையராஜாவுடையது. கணினியும் சீக்வென்ஸரும் (சுரங்களை ஏற்றி வைத்தால் தானே வாசிக்கும் கருவி) கொண்டு அந்த இசை உருவானது, அப்போது திலீப் அவரிடம் கீபோர்டு வாசித்தவர், அந்த வேலையில் கைகொடுத்தவர் என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சுரத்தைக் கருவியில் ஏற்றுவதும் அந்தச் சுரத்தை நினைத்து எழுதுவதும் ஒன்றல்ல. சபையில் மிருதங்கம் வாசித்தவரைக் கீர்த்தனையின் ஆசிரியர் என்று சொல்வோமா? நல்ல வாத்தியக்காரர் என்ற பெருமை ரஹ்மானுக்கு நியாயமாகவே சேரும். அதற்கு மேல் எடுத்துக் கொடுத்தால் அது இன்னொருவரிடமிருந்து பிடுங்கியதாக இருக்கும். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பாலக்காட்டுத் தமிழ் வாசகர்: 1975இல் வந்த 'பெண்படா' என்ற மலையாளப் படத்தில் ஒரு பாட்டைச் சிறுவன் திலீப்தான் மெட்டமைத்தார் என்று படித்தேன். பட்டியலில் சேர்க்கலாமா?

நானும் படித்திருக்கிறேன். படத்தின் இசை அவருடைய அப்பா ஆர்.கே.சேகர். அவர் பெயரில்தான் என் பட்டியலில் வைத்திருக்கிறேன், பக்கத்தில் 'மகன் மெட்டு என்று சொல்லப்படுவது' என்ற குறிப்போடு.

இதைக் கேட்டதால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ரஹ்மானைத் தேடி வருகிறவர்கள் சேகரை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். 1964இல் 'பழசிராஜா' படத்தில் 'சொட்ட முதல் சுடல வரே' பாட்டுக்கு இசையமைத்தவர் அவர். பிறருக்கு இசைக்கோவை செய்தும், ஆர்கெஸ்ட்ரா நடத்தியும் ஓய்வில்லாமல் உழைத்தவர். 1976இல் மறைந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. அப்பாவின் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அந்தக் கருவிகளில் விளையாடிப் பழகிய கைதான் பிறகு ஸ்டூடியோவுக்குப் போனது. மகனின் தொடக்கத்தைத் தேடுகிறவர்கள் அப்பாவின் பாடல்களை முதலில் கேட்க வேண்டும்.

சென்னை, கீபோர்டு வாசிக்கும் இளைஞர்: அண்ணா, காதால் கேட்டே கண்டுபிடிக்க முடியாதா? அவருடைய 'டச்' எனக்குத் தெரியும்.

தம்பி, 'டச்'சை நம்பிப் பெயர் எழுதாதீர்கள். ஆனால் கீபோர்டு தெரிந்த உங்கள் காது ஆண்டைச் சரிபார்க்க மிகவும் உதவும். அந்தக் காலத்து சின்தசைசர் கீபோர்டுகளில் யமஹா டிஎக்ஸ் 7 வந்தது 1983இல், ரோலண்ட் டி-50 1987இல், கோர்க் எம்1 1988இல். ஒவ்வொன்றிலும் கம்பெனியே ஏற்றி அனுப்பிய ஒலிகள் உண்டு. டி-50இன் 'ஃபேண்டேசியா', மணியும், பேடு என்கிற நீண்டு ஒலிக்கும் மென்மையான பின்னணி ஒலியும் கலந்தது, ஒருமுறை கேட்டால் மறக்காது. எம்1இன் 'யுனிவர்ஸ்' குரல் ஒலியும் அப்படியே. '1985இல் ரஹ்மான் செய்த ஜிங்கிள்' என்று யாரோ அனுப்புகிற பதிவில் எம்1 ஒலித்தால் அந்த ஆண்டு பொய் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒலி இருப்பது 'இதற்கு முன்னால் இல்லை' என்பதை மட்டுமே சொல்லும். அந்தக் காலச் சென்னையில் இதே கருவிகளைப் பலர் வைத்திருந்தார்கள். வாசித்தவர் யார் என்பதைக் கருவி சொல்லாது.

அதே இளைஞர்: அப்படியானால் வாசித்தவர்களை நேரில் கேட்கலாமா?

கட்டாயம் கேளுங்கள், சீக்கிரம் கேளுங்கள். அந்தத் தலைமுறை வாத்தியக் கலைஞர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 'இதில் ரஹ்மான் வாசித்தாரா சார்' என்று மட்டும் தொடங்காதீர்கள். உங்கள் ஆசையைப் பார்த்து ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். பாட்டைப் போட்டுக் காட்டி, எந்த ஸ்டூடியோ, கண்டக்டர் யார், நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், பக்கத்தில் யார் என்று கேளுங்கள். அவர்களுடைய வாசிப்பைப் பற்றியும் கேளுங்கள், முதலில் அதையே கேளுங்கள். இருவர் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னால் எழுதிக்கொள்ளலாம்.

மட்டக்களப்பு வாசகி: முப்பது வருடமாகத் தொடாத கேசட். போட்டால் அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படுவது நல்லது. நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடவே வேண்டாம். மற்றக் கேசட்டுகளோடும் வைக்காதீர்கள். பூஞ்சை இல்லையென்றால், நாடா வெளியே தெரியும் இடத்தில் சின்னச் செப்புத் தகடும் அதன் மேல் ஒரு துண்டு பஞ்சும் இருக்கும், பாருங்கள். அந்தப் பஞ்சு விழுந்திருந்தால் ஒலி மங்கிப்போகும். திருகு உள்ள வேறொரு கேசட்டின் ஓட்டுக்கு நாடாச் சுருளை மாற்றிவிடலாம். பொதுவாக நாடா அறுவது இரண்டு முனையிலும் ஒட்டியிருக்கும் இடத்தில்தான். அதனால் பென்சிலை விட்டு மெதுவாகக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக்கொள்ளுங்கள். கணினியில் 24 பிட் தரத்தில், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். இரைச்சலை நீக்குவது, பேஸ் கூட்டுவது எல்லாம் பிரதியில் மட்டும். முதல் பதிவைத் தொடாமல் அப்படியே வையுங்கள். இரைச்சலோடு சேர்த்து மேல்ஸ்தாயி ஒலியும் போய்விட்டால் திரும்ப வராது.

துபாய் வாசகர்: கிடைத்ததை யூடியூபில் போடலாமா?

கூடாது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை. 1989 கேசட் என்றால் 2049 முடியும்வரை. ஆய்வுக்காகச் சொந்தமாக ஒரு பிரதி வைத்துக்கொள்வதில் சிக்கல் இல்லை. அட்டையில் உள்ள தகவல்களை, அதாவது எண், பாடகர், முகவரி, பாடல் வரிசை ஆகியவற்றை, எழுதி வெளியிடுங்கள். அடுத்துத் தேடுகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். கீழக்கரைக்காரரின் அட்டையும் உங்களுடையதும் ஒரே எண்ணா என்று பார்க்க நானே காத்திருக்கிறேன்.